அளப்பவர் மனநிலை

எங்கள் எலி அறைப் படிவத்தில் ஒன்பது கட்டங்கள். எலியின் எண், எடை, வாலின் சூடு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், முன் அழுத்தம், பின் அழுத்தம், நாடித்துடிப்பு என்று எட்டு கட்டங்கள் எலிக்கு. ஒன்பதாவது எனக்கு. 'அளப்பவர் மனநிலை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே அமைதி, சுமார், கோபம் என்று மூன்று வார்த்தைகள் அச்சடித்திருப்பார்கள். ஒன்றை வட்டமிட வேண்டும். உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் இப்படி ஒரு கூத்து இருக்காது.

காரணம் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. போன வருடம் ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்து அளந்தபோது ரத்த அழுத்தம் எகிறியது. உடனே போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று வாரம் வேலை முடங்கியது. பிறகு ஆய்வகத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், தானே உட்கார்ந்து அளந்தார். அழுத்தம் ஏறவே இல்லை. அன்றைக்குக் காலையில் நான் கூண்டு சப்ளை செய்கிற ஆளுடன் சண்டை போட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு எலிகளைப் பிடித்திருக்கிறேன். பயந்த எலிக்கு மருந்தே வேண்டாம், அழுத்தம் தானாக ஏறும். மேடம் திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ குடுவை கழுவுற பக்கம் போயிடும்மா" என்றார். அடுத்த வாரம் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் முளைத்தது.

அந்த யோசனையை மேடத்தின் காதில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். என் அக்காவின் கணவர். அத்தான் எங்கள் ஆய்வகத்தின் வேதியியலாளர், மருந்துகளைச் செய்கிறவர். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். எனக்கு 'மிளகா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு விழிப்பு மருந்து. பட்டப்பகலில் நின்றபடியே தூங்கிவிழுகிற நோய் சிலருக்கு உண்டு, அவர்களுக்கானது. இந்த மருந்து இரண்டு உருவத்தில் வரும். ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. அதே தோல், அதே தையல், அதே எடை. ஆனால் ஒன்று இடது, ஒன்று வலது. கண்ணாடியில் பார்த்தால்தான் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். உடம்புக்கு மட்டும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இடது உருவம் சாது, தூக்கத்தைக் கலைப்பதோடு போய்விடும். வலது உருவம் ரத்தக் குழாய்களைப் பிடித்து நெரிக்கும். சாதுவானது வேலை செய்யக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதே அளவில் வலதைக் கொடுத்தால் ஆளே போய்விடலாம்.

இடது உருவத்தை அத்தான் புதிதாக ஒரு தொகுதி செய்து முடித்திருந்தார். மனிதருக்குக் கொடுக்கப்போகும் முதல் தொகுதி. எங்கள் இடத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. புதுத் தொகுதி எதுவானாலும் அன்று காலை முதலில் ஆறு எலிகளுக்கு. அடுத்தது, மனிதர்களில் முதல் வாய், செய்தவருடையது. மேடம் தன் காலத்தில் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. "தான் சமைச்சதைத் தானே சாப்பிடாதவன் கையில யாரு சாப்பிடுவா?" என்பார்.

ஆகவே அன்று பத்து மணிக்கு அத்தான் குடிக்க வேண்டும்.

காலையில் அத்தானோடு பேருந்தை விட்டு இறங்கி வாசல் வரை நடக்கும்போதுதான், அது அன்றைக்கே என்று அவர் சொல்லி எனக்குத் தெரியவந்தது. அக்காவுக்குத் தெரியாது.

"போன மாசம் வீட்டுல நான் அளந்தப்ப உங்க பிரஷர் நூத்தி நாப்பத்தெட்டு" என்றேன்.

"அது உன் கை ராசி. இங்க டாக்டர் பார்த்தாரு, நூத்தி இருபத்தாறு."

"எப்படி?"

"அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்துட்டு அப்புறம் காட்டினேன்." சிரித்தார். "எலிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நீதானே சொல்லுவே, அமைதியா இருந்தாதான் சரியான அளவு வரும்னு."

"அத்தான், இது விளையாட்டு இல்ல. அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"சொன்னா அவ வாசல்லயே வந்து உட்கார்ந்துடுவா. வேண்டாம்மா. இது சாதுப் பசு. நானே புல்லு போட்டு வளர்த்தது. நீ போயி எலியைப் பாரு மிளகா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு உயிர். அப்பா போன பிறகு வீட்டில் ஒரு ஆண்குரல் என்றால் அது அவருடையதுதான். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக வந்தது.

ஏழரைக்கு ஆறு எலிகளுக்கும் மருந்து கொடுத்தேன். அரை மணி கழித்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எலியைக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டால் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டை காற்றடைத்து இறுகும், நாடி மறையும், காற்று இறங்கும்போது நாடி திரும்பி வரும். வரும் இடம்தான் அழுத்தம். மருந்துக்கு முன் எல்லாம் நூற்று இருபதை ஒட்டி இருந்தன. சாது உருவம் என்றால் நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது.

முதல் எலி நூற்று எண்பத்து நான்கு காட்டியது.

பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினேன். நூற்று எண்பத்தாறு. இரண்டாவது எலி நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து ஆறாவது எலி முடிந்தபோது மணி எட்டு ஐம்பது. ஆறில் ஒன்றுகூட நூற்று எழுபத்தைந்துக்குக் கீழே இல்லை.

படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கோபம் என்று வட்டமிட்டால் இந்தத் தாளைக் குப்பைக் கூடைகூட மதிக்காது. அமைதி என்று போட்டால் உடனே நம்புவார்கள். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நான் கோபமாகத்தான் இருந்தேன். அழுத்தம் ஏறியது மருந்தாலா, என் கையாலா என்று எனக்கே அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அப்புறம் நான் எதற்கு அங்கே? ஆறு வரிசையிலும் கோபம், கோபம் என்று வட்டமிட்டேன்.

பிறகு வேறு ஆறு எலிகளை எடுத்தேன். அவற்றுக்கு மருந்து இல்லை, வெறும் உப்புத் தண்ணீர். என் கைதான் காரணம் என்றால் இவற்றுக்கும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருந்துதான். ஒன்பது மணிக்குக் கொடுத்தேன். ஒன்பதரைக்கு அளக்கலாம். ஒரு எலிக்கு ஐந்து நிமிடம். பத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எலி அறைப் போனுக்கு மணி கிடையாது. ஒலித்தால் எலிகள் அரண்டுபோகும் என்று கழற்றிவிட்டார்கள். கைபேசிக்கும் தடை. நாங்கள் வெளியே பேசலாம், யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. அதனால் மௌனம் சம்மதம் என்பது எங்கள் ஊரறிந்த விதி. பத்து மணிக்குள் எலி அறையிலிருந்து போன் வந்தால் ஆபத்து. வராவிட்டால் எல்லாம் சுகம், மருந்தைக் கொடுக்கலாம்.

ஒன்பதரை. முதல் உப்புத் தண்ணீர் எலி நூற்று இருபத்திரண்டு. அடுத்தது நூற்றுப் பத்தொன்பது. போனை எடுத்தேன். போன வருடத்து மூன்று வாரமும், மேடத்தின் முகமும், குடுவை கழுவும் தொட்டியும் கண் முன்னால் வந்தன. இரண்டு எலியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். மூன்றாவது, நூற்று இருபத்து நான்கு. நான்காவது, நூற்று இருபது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. மறுபடி போனை எடுத்து, எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். ஐந்தாவதையும் பார்த்துவிடலாம் என்று வைத்தேன்.

ஐந்தாவது நூற்று நாற்பத்தொன்று காட்டியது.

அப்படியானால் என் கைதானா? மறுபடியும் அதே முட்டாள்தனமா? எலி குழாய்க்குள் திரும்ப முயன்று துள்ளிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பட்டையை மறுபடி மாட்டினேன். நூற்று இருபத்தொன்று. துள்ளியதுதான் காரணம். ஆறாவதும் நூற்றுப் பதினெட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். பத்து நான்கு.

போனை எடுத்து அழுத்தினேன். மாடியில் டாக்டர் அறைப் போன் பிஸியாக இருந்தது. மறுபடி அழுத்தினேன், அதே. இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு, காலுறையோடு முற்றத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு ஓடினேன். என் அத்தான் எதற்கும் ஒரு நிமிடம் பிந்துகிற ஆள் இல்லை. அன்றைக்காவது பிந்தித் தொலையட்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை. பக்கத்து மேசையில் காகிதக் குவளை, காலி. டாக்டர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். திரையில் நூற்று முப்பத்தெட்டு.

"குடிச்சிட்டீங்களா?"

"பத்துக்கு டாண்ணு" என்றார் அத்தான். "என்ன மிளகா, தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்றே?"

"டாக்டர், அது இடது இல்ல. வலது. ஆறு எலிக்கும் நூத்தி எழுபத்தஞ்சுக்கு மேல."

டாக்டர் எழுந்துவிட்டார். தாளை வாங்கினார். கண்கள் எண்களின் மேல் ஓடி, கடைசிக் கட்டத்தில் போய் நின்றன. ஆறு வட்டங்கள். அவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். நிம்மதியில் தளர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோபமா இருந்திருக்கீங்களே" என்றார் மெதுவாக.

"அவ காலையிலயே என்கூடச் சண்டை டாக்டர்" என்றார் அத்தான். "எலி பாவம், என்ன பண்ணும்?"

திரை தானாகவே பட்டையை இறுக்கியது. நூற்று ஐம்பத்து மூன்று.

"சாதுவும் ஆரம்பத்துல கொஞ்சம் ஏத்தும்" என்றார் டாக்டர், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "பதினஞ்சு நிமிஷத்துல தானா இறங்கிடும்."

"அழுத்தத்தை இறக்குற ஊசி இருக்குல்ல? போடுங்க."

"அது சாதுவா இருந்து நான் ஊசியைப் போட்டா, அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிடும். மாரடைப்பே வரலாம். எது உள்ள போயிருக்குன்னு தெரியாம நான் எப்படிம்மா போடுறது?"

நான் இரண்டாவது படிவத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"இதையும் பாருங்க. இது வெறும் உப்புத் தண்ணி குடுத்த எலிங்க. அதே காலை, அதே ரூம், அதே கை. கடைசிக் கட்டத்தைப் பாருங்க. இதுலயும் கோபம்தான். ஆறுலயும். ஆனா அழுத்தம் நூத்தி இருபது. என் கோபம் ரெண்டு தாள்லயும் ஒண்ணுதான் டாக்டர். மருந்துதான் வேற."

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தாவது வரியில் நான் நூற்று நாற்பத்தொன்று என்று எழுதி, 'துள்ளியது, மறு அளவு' என்று குறித்திருந்ததையும் விரலால் தொட்டார். திரை மறுபடி இறுக்கியது. நூற்று எழுபத்திரண்டு.

"புட்டியில இடதுன்னுதானே போட்டிருக்கு" என்றார் அத்தானைப் பார்த்து. "நீங்க சோதிச்சீங்கல்ல?"

"நானேதான் சோதிச்சேன்." அத்தான் பின்னந்தலையைத் தேய்த்துக்கொண்டார். "ஒளியை இடது பக்கம்தான் திருப்பிச்சு. என் கண்ணாலயே பார்த்தேன். தலை லேசா கனக்குது, அவ்வளவுதான்."

இரண்டு செருப்பில் எது எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இருக்கும் வழி அதுதான். மருந்தைக் கரைத்து, அதனூடே ஒரு ஒளியை அனுப்பினால் அது ஒரு பக்கமாகத் திருகி வெளியே வரும். எந்தப் பக்கம் என்று பார்த்துப் பெயர் எழுதுவார்கள். மருந்து முதலில் எண்ணெயாகத்தான் வரும்; பிறகு அதைத் தண்ணீரில் கரையும் தூளாக மாற்றுவார்கள், அதற்கு உப்பு என்று பெயர்.

"எதுல கரைச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஏதும் தெரிந்து கேட்கவில்லை. எலி அறைக்காரி எப்போதும் கேட்கிற கேள்வி அது. எங்களுக்கு எல்லாம் தண்ணீர்தான்.

"ஆல்கஹால்ல" என்றார். "எண்ணெய் மாதிரி இருந்தப்பவே பார்த்துட்டேன். அப்புறம்தான் உப்பா மாத்தி..."

பாதியில் நின்றுவிட்டார். தேய்த்துக்கொண்டிருந்த கையும் பின்னந்தலையிலேயே நின்றது. அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"என்னங்க?" என்றார் டாக்டர்.

"இந்த மருந்து எண்ணெயா ஆல்கஹால்ல இருக்கும்போது ஒரு பக்கம் திருப்பும். அதையே உப்பா மாத்தித் தண்ணியில கரைச்சா எதிர்ப்பக்கம் திருப்பும். பேரு வச்சது உப்பை வச்சு." எச்சில் விழுங்கினார். "எனக்குத் தெரியும் டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி நானே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மத்த முப்பது மருந்துக்கும் ரெண்டும் ஒரே பக்கம்தான் வரும், அந்தப் பழக்கத்துல உப்பான பிறகு திரும்பப் பார்க்கல. குடுவை மாறிடுச்சு, இடதுன்னு நினைச்சு வலதை எடுத்துட்டேன். அவ சொல்றதுதான் சரி. ஊசியைப் போடுங்க."

திரையில் நூற்றுத் தொண்ணூற்றாறு.

டாக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வலது கண்ணு மங்கலா இருக்கு" என்றார், டாக்டருக்குக் கேட்காதபடி. திரை இருநூற்றுப் பதினொன்று என்றது. அடுத்த முறையும் இருநூற்றுப் பதினொன்று. அதற்கடுத்து இருநூற்று நான்கு. அப்போதுதான் மூச்சு விட வேண்டும் என்ற நினைவே எனக்கு வந்தது. நூற்று அறுபதுக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் என் கையை விடவில்லை. நானும் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வாழ்நாளில் அதுதான் சாதனை.

அந்தத் திட்டையெல்லாம் சேர்த்து வைத்து அக்கா சாயங்காலம் வந்து திட்டினாள். "ஒருத்தன் விஷத்தைச் செஞ்சு தானே குடிக்கிறான், இன்னொருத்தி பக்கத்துல நின்னு எலி எண்ணிட்டிருக்கா. எனக்குன்னு வந்து வாச்சீங்களே ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தவள், அவருடைய வலது கண்ணைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அழுதாள்.

கண்ணுக்குள்ளே மெல்லிய குழாய் ஒன்று வெடித்திருந்தது. பார்வை போகவில்லை. ஆனால் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தங்கிவிட்டது. அது கரையலாம், கரையாமலும் போகலாம் என்றார்கள்.

மேடம் விதிகளை மாற்றினார். இப்போது நல்ல சேதியையும் நாங்கள் போனில் சொல்லியாக வேண்டும், மௌனத்துக்கு இங்கே மதிப்பில்லை. வேதியியல் படிவத்தில் 'எதில் கரைத்தது' என்று ஒரு கட்டம் வந்தது. என் படிவத்தில் ஒன்பதாவதை எடுத்துவிடுவதாகச் சொன்னார். இருக்கட்டும் மேடம் என்றேன்.

ஐந்து வாரம் கழித்து அத்தான் வேலைக்குத் திரும்பிய அன்று, நேரே எலி அறைக்கு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஒரு எலியை அளந்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எட்டு மணிக்கே முதல் எலி காட்டிக் குடுத்துடுச்சாமே" என்றார். "அப்பவே ஏன் ஒரு போன் பண்ணல?"

ஐந்து வாரமாக என் தூக்கத்தைத் தின்ற கேள்வி. மேசையில் இருந்த படிவத்தை அவர் பக்கம் திருப்பி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கறுப்புப் புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அந்தக் கட்டம் என் யோசனை" என்றார்.

"தெரியும் அத்தான்."

"விளையாட்டாத்தான் சொன்னேன்."

"அதுவும் தெரியும்." "முதல் எலியிலயே நான் ஓடி வந்திருந்தா நம்பியிருப்பீங்களா?"

உடனே ஆமாம் என்பார் என்று நினைத்தேன். மனிதர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு நன்றாக வரும், என் அக்காவைக் கேளுங்கள்.

"மாட்டேன்" என்றார்.

எலி குழாயிலிருந்து வெளியே வந்து கூண்டின் மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அன்றைய படிவத்தில் எட்டு கட்டங்கள் நிரம்பியிருந்தன. அத்தான் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் கோபம் என்பதை வட்டமிட்டேன். அவர் அந்த எலிக்கு நான் அளந்த அழுத்தத்தை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.